கிளிங் என்னும் சொல்லின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்பு எம் தோட்டப் பள்ளி மாணாக்கன் ஒருவன் கலங்கிய கண்களோடு என் முன் வந்து நின்றான். மூவார் நகரத் திடலில் பந்து விளையாடும்போது வேற்றினச் சிறுவன் ஒருவன் அவனைக் ‘கிளிங்’ என்று ஏசிவிட்டானாம். “காவலுக்கு நின்ற வங்காளிதான் ஐயா எங்களை விலக்கிவிட்டார்” என்றவன், சற்றுப் பொறுத்து, “நம்மவர் அந்தக் காலத்தில் கைதிகளாய் வந்தார்களாம், கால் விலங்கு கிளிங், கிளிங் என்று ஒலித்ததாம், அதனால் வந்த பெயர் என்று தாத்தா சொல்கிறார். மெய்தானா?” என்று கேட்டான்.

இக்கதையை நம் பெற்றோர் பலர் நம்புகின்றனர்; ஆசிரியர் சிலரும் வகுப்பில் சொல்வதுண்டு. வரலாறோ இதற்கு இடந்தரவில்லை. இந்தியக் கைதிகள் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிங்கப்பூருக்கு 1825-ல். சொல்லோ அதனினும் மிகப் பழமையானது. 1511-ல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், நைனா சாத்து என்னும் கிளிங் வணிகரை அந்நகரின் உயர்பதவியாகிய பெண்டகாராவில் அமர்த்தினர். 1512 முதல் 1515 வரையிலான ஆண்டுகளில் தோமே பிரேசு எழுதிய நூலும் மலாக்காவின் கிளிங் வணிகரைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. செஜாரா மெலாயு தென்னிந்தியாவைக் ‘கெலிங் நாடு’ என்றே குறிக்கின்றது. மலாக்கா அரசர்க்கு உயர்ந்த துணிவகைகள் வாங்கிவர ஆங் நாடிம் சென்றது அந்நாட்டிற்கே. எனவே, கைதிகளின் விலங்கொலி இக்கரையில் கேட்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகட்கு முன்பே இப்பெயர் இங்கு வழங்கியது என்பது தெளிவு.

அப்பெயரின் மூலம் கலிங்கம் என்பர் அறிஞர். இன்றைய ஒடிசாவும் வட ஆந்திரமும் சேர்ந்த பண்டைய நாடு அது. 11-ஆம் நூற்றாண்டில் ஏர்லங்க மன்னன் காலத்துச் சாவகச் சாசனம் அயல்நாட்டு மக்களைப் பட்டியலிடும்போது கிளிங்கரையும் திராவிடரையும் தனித்தனியே எண்ணுகின்றது. நாளடைவில் அவ்வேறுபாடு மறைந்து, வங்கக் கடலைக் கடந்து வந்த தென்னவர் அனைவர்க்கும் ஒரே பெயராயிற்று. இதில் ஒரு விந்தையும் உண்டு. முதற்குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அங்ஙனம் வென்ற தமிழரே கடலுக்கு இப்பால் வந்தபோது கலிங்கர் எனப்பட்டனர்!

நெடுங்காலம் இது வசைச்சொல்லாக இருந்ததில்லை. மலாக்காவில் 1748-ல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் கம்போங் கிளிங் பள்ளிவாசல்தான். பினாங்கில் நம்மவர் தலைவர்க்குரிய பட்டம் கப்பித்தான் கிளிங். மலாக்காவை அடுத்த தஞ்சோங் கிளிங் என்னும் ஊர்ப்பெயரும் இன்றுவரை நிற்கின்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாய்க் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்கும் நம்மவர் திரள்திரளாய் வந்தனர். கூலிக்காரன்பால் பிறர் கொண்ட இகழ்ச்சி அவன் பெயரிலும் படிந்தது. சிங்கப்பூரில் கிளிங் தெரு என்றிருந்தது 1920-களின் தொடக்கத்தில் சூலியா தெரு ஆயிற்று. மலேசியாவில் 2003-ல் காமுஸ் டேவான் அகராதியில் இச்சொல் இடம்பெற்றது குறித்து நம் அமைப்புகள் நீதிமன்றம் வரை சென்றன.

இவ்வளவும் அம்மாணாக்கனுக்கு எளிய முறையில் எடுத்துரைத்தேன். அவன் முகம் தெளிந்தது. அப்போதுதான் அவன் முதலில் சொன்னது நினைவுக்கு வந்தது. “திடலில் உங்களை விலக்கிவிட்டவர் எந்த நாட்டவர், தம்பி?” என்றேன். “தலைப்பாகை கட்டியிருந்தார் ஐயா, வங்காளி” என்றான். சீக்கியரின் தாயகம் பஞ்சாப். அவர்கள் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி மலாயா வந்தமையால் இந்நாட்டில் வங்காளியாயினர். ஒரு நாட்டின் பெயரை மற்றொரு நாட்டார்மேல் ஏற்றிய அதே பிழை! நாம் அதை நாள்தோறும் செய்கின்றோம்.

இவ்வழக்கம் நம்மிடம் புதியதுமன்று. மொழி புரியாத அயலாரை மிலேச்சர் என்றனர் முன்னோர். ஆயின் அதே மிலேச்சரை அரசனின் பாசறையில் உள்ளறைக் காவலராக முல்லைப்பாட்டு காட்டுகின்றது. கிரேக்கரும் பிறமொழியாளரை உளறுவோர் என்னும் பொருள்பட அழைத்தவரே.

ஆசிரியத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. விலங்கொலிக் கதையை இனி வகுப்பில் சொல்லாதிருப்போம். பொய்யான அவமானத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது நமக்கு அழகன்று. பிறர் ஏசினால் அது தவறு என்று துணிந்து கூறவும், சொல்லின் மெய்வரலாற்றை எடுத்துக்காட்டவும் அவர்களைப் பழக்குவோம். கூடவே, பஞ்சாபியரைப் பஞ்சாபியர் என்றே அழைக்கவும் கற்பிப்போம். அம்மாணாக்கன் மறுவாரம் திடலுக்குப் போய்வந்து, காவலரின் ஊர் அமிர்தசரசு என்று கேட்டறிந்து வந்து என்னிடம் சொன்னான்.