பணிப்பயிற்சி ஆண்டுடன் வரலாற்றுப் பட்டப்படிப்பு: பிரித்தானிய அனுபவம்

இங்கிலாந்தில் வரலாற்று இளங்கலைப் பட்டம் பொதுவாக மூன்று ஆண்டுப் படிப்பாகும். சில பல்கலைக்கழகங்களில் இதையே நான்கு ஆண்டுகளாகவும் படிக்கலாம். முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் கழியும். மூன்றாம் ஆண்டு முழுவதும் மாணவர் ஓர் அருங்காட்சியகத்திலோ, ஆவணக் காப்பகத்திலோ, வணிக நிறுவனத்திலோ வேலை பார்ப்பார். நான்காம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, எஞ்சிய பாடங்களையும் ஆய்வேட்டையும் முடித்துப் பட்டம் பெறுவார். இடையில் வரும் அந்த ஓராண்டு பணிப்பயிற்சி ஆண்டு எனப்படுகிறது. லங்காஸ்டர், எசெக்ஸ், லஃப்பரோ முதலிய பல்கலைக்கழகங்கள் வரலாற்றுத் துறையில் இத்தகைய படிப்பை வழங்கியுள்ளன.

தொழிற்பட்டறையில் பிறந்த இந்த முறை வரலாற்றுத் துறையை வந்தடைய நூறு ஆண்டுகளுக்கு அருகில் ஆனது. வந்தபோது புதிய வாய்ப்புகளையும் கொண்டுவந்தது. ஊதியம் பற்றிய பழைய கேள்வி ஒன்றையும் கொண்டுவந்தது.

பெயரும் தோற்றமும்

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு இடையில் உணவை வைப்பதுபோல, இரண்டு கல்விக் காலங்களுக்கு இடையில் வேலைக் காலத்தை வைப்பதால் இம்முறைக்குச் சாண்ட்விச் படிப்பு என்ற பெயர் ஏற்பட்டது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் இச்சொல் புதிதன்று. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பட்டப்படிப்புகள் சில இதே பெயரில் நடத்தப்பட்டு வருகின்றன.

பிரித்தானியாவில் இம்முறையின் தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது, வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி 1903இல் தொடங்கிய திட்டமாகும். சண்டர்லாந்து அன்று கப்பல் கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கிருந்த தொழிற்சாலைகளின் இளம் பயிற்சியாளர்கள் ஆண்டின் ஒரு பகுதியைக் கல்லூரியிலும் மறு பகுதியைத் தொழிற்சாலையிலும் கழித்தனர். அமெரிக்காவில் 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் எர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 27 மாணவர்களுடன் இதையொத்த கூட்டுறவுக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். அந்நாட்டில் பொறியியலுக்கு வெளியேயும் இம்முறை விரைவில் பரவியது. ஒகாயோ மாநிலத்தின் அந்தியோக் கல்லூரி 1921 முதல் கலைப்பிரிவு மாணவர்களையும் வேலைக்கு அனுப்பத் தொடங்கியது.

பிரித்தானியாவில் இம்முறை நீண்ட காலம் பொறியியலோடே நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழில்நுட்பம் அறிந்தோர் போதவில்லை என்ற கவலை அந்நாட்டில் எழுந்தது. 1956இல் அரசு வெளியிட்ட தொழில்நுட்பக் கல்வி பற்றிய வெள்ளை அறிக்கை சாண்ட்விச் படிப்புகளை ஊக்குவித்தது. உயர்தொழில்நுட்பக் கல்லூரிகள் என்ற புதிய வகைக் கல்லூரிகள் அமைந்தன. ராபின்ஸ் குழு 1963இல் அளித்த பரிந்துரையின்படி இக்கல்லூரிகள் பல்கலைக்கழகத் தகுதி பெற்றன. ஆஸ்டன், பாத், பிராட்ஃபர்டு, புரூனல், லஃப்பரோ, சரே ஆகிய பல்கலைக்கழகங்கள் 1966இல் இவ்வாறு உருவானவை.

இக்காலத்தில் இருவகை அமைப்புகள் வழக்கில் இருந்தன. ஆறு மாத வேலைக் காலங்களைப் படிப்பின் இடையிடையே பலமுறை செருகுவது மெல்லிய சாண்ட்விச் எனப்பட்டது. ஓராண்டு முழுவதையும் ஒரே தொகுதியாக வைப்பது தடித்த சாண்ட்விச் எனப்பட்டது. இன்று வரலாற்று மாணவர்களுக்குக் கிடைப்பது இந்த இரண்டாம் வகை.

வரலாறு ஏன் விலகி நின்றது

வரலாற்றுப் படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பே இருந்ததில்லை என்று கருதுவது தவறு. ஆக்ஸ்ஃபர்டில் சட்டமும் நவீன வரலாறும் இணைந்த பட்டப்படிப்பு 1850இல் ஏற்படுத்தப்பட்டது. 1872இல் வரலாறு தனிப் படிப்பாகப் பிரிந்தது. கேம்பிரிட்ஜில் வரலாற்றுக்கான தனித்தேர்வு 1875இல் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் இராபர்ட் சீலி, வரலாற்றை அரசியல் தலைவர்களும் ஆட்சியாளர்களும் பயிலும் பள்ளியாகவே கண்டார். இந்திய ஆட்சிப் பணிக்கு 1855 முதல் இலண்டனில் போட்டித் தேர்வு நடந்தது. அதில் வரலாறும் ஒரு பாடம். அன்றைய வரலாற்றுப் பட்டதாரிக்குத் தனியாகப் பணிப்பயிற்சி தேவைப்படவில்லை. அவர் படித்த கல்லூரி, அவருடைய குடும்பம், அவர் எழுதிய தேர்வு ஆகிய மூன்றும் அலுவலகத்துக்கு வழிகாட்டின.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை பெருகியது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களாக மாற வழிசெய்தது. தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்போர் பெருமளவில் வரலாற்று வகுப்புகளுக்கு வந்தனர். பட்டம் அவர்களிடம் இருந்தது; பட்டத்திலிருந்து வேலைக்குச் செல்லும் பாதையைக் காட்டுவோர் இல்லை.

பொதுவரலாறு என்னும் துறை

இதற்கிடையில் வரலாற்றுத் துறைக்குள்ளேயே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1976இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் இராபர்ட் கெல்லி, வெஸ்லி ஜான்சன் ஆகியோர் பொதுவரலாற்றுப் படிப்பு ஒன்றைத் தொடங்கினர். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, அரசு அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் அருங்காட்சியகங்களிலும் வரலாற்றாசிரியர் செய்யக்கூடிய பணியை இத்துறை ஆராய்ந்தது.

பிரித்தானியாவில் இதன் வேர் வேறு இடத்தில் இருந்தது. ஆக்ஸ்ஃபர்டு நகரின் ரஸ்கின் கல்லூரி தொழிலாளர்கள் படிப்பதற்காக ஏற்பட்டது. அங்கே ரஃபேல் சாமுவேல் என்ற வரலாற்றாசிரியர் 1960களில் வரலாற்றுப் பட்டறை என்னும் இயக்கத்தை வளர்த்தார். இரயில்வே ஊழியர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் தங்கள் தொழிலின் வரலாற்றைத் தாங்களே மூல ஆவணங்களிலிருந்து எழுதினர். வேலை செய்த அனுபவம் ஒருவரை நல்ல வரலாற்றாசிரியராக்கும் என்பதற்கு இவ்வியக்கம் சான்றாக நின்றது. பணிப்பயிற்சி ஆண்டு இப்பாதையை எதிர்த்திசையில் மேற்கொள்கிறது. ரஸ்கினில் தொழிலாளி வகுப்பறைக்கு வந்தார். இங்கே மாணவர் பணியிடத்துக்குச் செல்கிறார்.

கட்டணமும் கணக்கும்

1997இல் டியரிங் குழு மாணவர்களுக்குப் பணி அனுபவ வாய்ப்புகளை அதிகரிக்குமாறு பரிந்துரைத்தது. அதே குழு, மாணவர்களும் கல்விச் செலவில் பங்கேற்க வேண்டும் என்றது. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு கட்டணம் வந்தது. 2006இல் இங்கிலாந்தில் உச்சவரம்பு 3,000 பவுண்டு ஆனது. 2012இல் 9,000 பவுண்டாக உயர்ந்தது. இவ்வளவு கடன் வாங்கிப் படிக்கும் மாணவரும் பெற்றோரும், இந்தப் பட்டம் எந்த வேலைக்கு உதவும் என்று கேட்டனர். அக்கேள்விக்கு விடையாகப் பல வரலாற்றுத் துறைகள் பணிப்பயிற்சி ஆண்டைத் தங்கள் பாடத்திட்டத்தில் சேர்த்தன.

பயிற்சி ஆண்டில் மாணவர் வகுப்புக்குச் செல்வதில்லை. எனவே இங்கிலாந்தில் அவ்வாண்டுக்கு முழுக் கட்டணத்தின் உச்சவரம்பில் 20 விழுக்காடு வரையே வசூலிக்கலாம். உச்சவரம்பு 9,250 பவுண்டாக இருந்த காலத்தில் இது 1,850 பவுண்டு.

நடைமுறை

பணியிடத்தைத் தேடும் வேலை பெரும்பாலும் மாணவரையே சேர்ந்தது. இரண்டாம் ஆண்டிலேயே அவர் விண்ணப்பம் எழுதி, நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அலுவலகம் தன்விவரக் குறிப்பு எழுதவும் நேர்காணலுக்கு ஆயத்தமாகவும் உதவும். வேலைக்கு உறுதி அளிக்காது. இடம் கிடைக்காதவர் வழக்கமான மூன்றாண்டுப் படிப்புக்கு மாறிக்கொள்ளலாம். பயிற்சிக் காலத்தில் ஆசிரியர் ஒருவர் மாணவரைத் தொடர்பில் வைத்திருப்பார். முடிவில் மாணவர் தாம் கற்றதைப் பற்றி அறிக்கை எழுதுவார். இதற்கான மதிப்பீடு பெரும்பாலும் தேர்ச்சி என்ற அளவோடு நிற்கும். பட்டத்தின் தரநிலையைத் தீர்மானிப்பதில்லை.

வரலாற்று மாணவர் எல்லோரும் அருங்காட்சியகத்துக்கே செல்வதில்லை. விளம்பரம், மனிதவளம், நிதி, ஊடகம், அரசு நிர்வாகம் ஆகியவற்றுக்குச் செல்வோரும் உண்டு. முரண்பட்ட சான்றுகளை ஒப்பிடுவதும், நீண்ட ஆவணத்தைப் படித்துச் சாரத்தைச் சுருக்கமாக எழுதுவதும் வரலாற்று வகுப்பில் பெறும் பழக்கங்கள். இவற்றுக்கு எந்த அலுவலகத்திலும் தேவை உண்டு.

காப்பகத்தில் கற்கும் பாடம்

ஆவணக் காப்பகத்தில் ஓராண்டைக் கழிக்கும் மாணவருக்கு வகுப்பறையில் எளிதில் கிடைக்காத ஒரு பாடம் கிடைக்கிறது. வாசகராகக் காப்பகத்துக்குச் செல்பவர் பட்டியலைப் பார்த்து ஆவணத்தைக் கேட்கிறார். அது மேசைக்கு வருகிறது. அங்கே வேலை செய்பவரோ அந்தப் பட்டியலையே உருவாக்குகிறார். ஒரு கட்டுக்கு என்ன தலைப்பு இடுவது, எதைத் தனியாகக் குறிப்பது, எதைப் பொதுவாக 'கடிதங்கள்' என்று எழுதிவிடுவது என்ற முடிவுகளை அவர் நேரில் காண்கிறார். பட்டியலில் பெயர் ஏறாத மனிதரைப் பின்னாளில் எந்த ஆய்வாளரும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது என்பதை உணர்கிறார்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதும் இவ்வாறே முடிவு செய்யப்படுகிறது. பிரித்தானிய அரசு ஆவணங்களில் ஒரு சிறு பகுதியே நிலையாகப் பாதுகாக்கப்படுகிறது. 1958ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் இத்தேர்வுக்கு ஒழுங்குமுறை வகுத்தது. அதற்கு முந்தைய காலத்தின் இழப்புகளில் ஒன்று தமிழகத்தையும் தொடும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி 1858இல் முடிந்தபின், இலண்டனில் இருந்த அதன் ஆவணங்களில் பெருமளவு தேவையற்றவை என்று கழிக்கப்பட்டுக் காகிதக் கூழாக்க அனுப்பப்பட்டது. எஞ்சியவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. சென்னை மாகாணத்தின் வரலாற்றை எழுதுவோர் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் இலண்டனையும் சேர்த்தே நம்பியிருக்கிறார்கள். இரு இடங்களிலும் இருப்பது நடந்தவை அனைத்தின் பதிவு அன்று. யாரோ வைத்துக்கொள்ளத் தீர்மானித்தவற்றின் பதிவு. இதை அறிந்த மாணவர் நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதும்போது, ஆவணம் சொல்வதோடு அது ஏன் எஞ்சியது என்பதையும் கேட்கத் தொடங்குகிறார்.

ஊதியம்

சண்டர்லாந்தின் பயிற்சியாளர் தொழிற்சாலையின் ஊழியராகவே கல்லூரிக்கு வந்தார். இன்றும் பொறியியல், கணினித் துறைகளில் பயிற்சி ஆண்டு பொதுவாக ஊதியம் உள்ளது. அருங்காட்சியகங்களும் காப்பகங்களும் குறைந்த நிதியில் இயங்குபவை. தன்னார்வலர்களின் உழைப்பை நம்பியிருப்பவை. அங்கே ஓராண்டு முழுவதற்கும் ஊதியம் தரும் இடங்கள் அரிது.

சட்டமும் இங்கே மாணவருக்குத் துணை நிற்பதில்லை. 1998இல் இயற்றப்பட்ட குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பிரித்தானியத் தொழிலாளர்களுக்குப் பெரும் பாதுகாப்பைத் தந்தது. ஆனால் உயர்கல்விப் படிப்பின் பகுதியாக ஓராண்டு வரை பணிப்பயிற்சி பெறும் மாணவருக்கு அந்த ஊதியம் கட்டாயமில்லை. ஊதியம் இல்லாத மாணவர் அந்த ஆண்டுக்கும் ஒரு கட்டணம் செலுத்துகிறார். வீட்டு வாடகையும் கொடுக்கிறார்.

இதன் விளைவாக வரலாற்று மாணவர்கள் இரு வழிகளில் பிரிகின்றனர். பெற்றோரின் ஆதரவு உள்ளவர் காப்பகத்தையோ அருங்காட்சியகத்தையோ தேர்ந்தெடுக்கலாம். அந்த ஆதரவு இல்லாதவர் ஊதியம் தரும் நிறுவனத்துக்குச் செல்வார். அல்லது பயிற்சி ஆண்டையே கைவிடுவார். யாருடைய கடிதத்தைப் பாதுகாப்பது, எந்தப் பொருளைக் காட்சிக்கு வைப்பது என்று முடிவு செய்யும் பணிகளுக்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே மீண்டும் மீண்டும் சென்றால், நினைவில் நிற்கும் வரலாறும் அவர்களுடைய பார்வையிலேயே அமையும். முதல்தலைமுறைப் பட்டதாரிக்குப் பாதை காட்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஆண்டு, ஊதியம் இல்லாத இடங்களில் அவருக்கே எட்டாததாகிவிடுகிறது.

சண்டர்லாந்தின் முடிவு

1903இல் சாண்ட்விச் திட்டத்தைத் தொடங்கிய சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி, பின்னர் பாலிடெக்னிக்காகி, 1992இல் சண்டர்லாந்து பல்கலைக்கழகமானது. அங்கே வரலாறும் கற்பிக்கப்பட்டது. 2020 சனவரியில் அப்பல்கலைக்கழகம் வரலாறு, அரசியல், நவீன மொழிகள் ஆகிய படிப்புகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. வேலைவாய்ப்பையும் தொழில்களையும் நோக்கிய பல்கலைக்கழகமாகத் திகழ்வது அதன் குறிக்கோளாகக் கூறப்பட்டது.

கல்வியையும் தொழிலையும் இணைக்கும் எண்ணம் பிறந்த இடத்தில், அதே எண்ணத்தின் பெயரால் வரலாறு வெளியேறியது. பணிப்பயிற்சி ஆண்டை ஏற்ற வரலாற்றுத் துறைகள் இதற்கு மாறான கருத்தை முன்வைக்கின்றன. சான்றுகளைத் தேடுவதும் காப்பதும் விளக்குவதும் ஒரு தொழில் என்பது அக்கருத்து. அது தொழில் என்றால், கப்பல் தளத்தில் பயின்ற இளைஞருக்குக் கிடைத்தது போல அதற்கும் ஊதியம் கிடைக்க வேண்டும். ஊதியம் பரவலாகும் வரை, இந்த ஆண்டின் பயன் அதைத் தாங்கக்கூடிய மாணவரின் அளவிலேயே நிற்கும்.