பிழைப்பதிவு வீக்கம் (எஸ்.கியூ.எல். சர்வர்)

மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வரின் 'எரர்லாக்' கோப்பு கட்டுக்கடங்காமல் பெருத்து வட்டின் இடத்தை விழுங்கும் கோளாறு. சர்வர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதிய கோப்பு திறக்கப்படும். பழையவற்றில் 6 இயல்பாகக் காக்கப்படும். தொடங்கும்போது மட்டுமே தானாகப் புதிய கோப்பு திறக்கப்படுவதால், மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் சர்வரில் ஒரே கோப்பு பல ஜிபி வரை வளர்ந்துவிடலாம்.

பெரும்பாலும் ஒரே செய்தி திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் ஏதோ ஒரு செயலி பழையதைக் கொண்டே ஓயாமல் உள்நுழைய முயன்றால், ஒவ்வொரு தோல்விக்கும் பிழை எண் 18456 பதிவாகும். கூடவே வரும் நிலை எண்ணைக் கவனிக்க வேண்டும்: 8 என்றால் கடவுச்சொல் தவறு, 5 என்றால் அப்படியொரு பயனரே இல்லை. செய்தியின் கடைசியில் உள்ள ஐபி முகவரி, தொல்லை எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். டெட்லாக் ஆய்வுக்காக யாரோ இயக்கிவிட்டு மறந்த டிரேஸ் ஃபிளாக் 1222-உம் பக்கம் பக்கமாக எழுதித்தள்ளும். வெற்றிகரமான பேக்கப் செய்திகள்தாம் நிரப்புகின்றன என்றால் டிரேஸ் ஃபிளாக் 3226 அவற்றை அடக்கும்.

பெருத்த கோப்பை அகற்றச் சர்வரை நிறுத்தத் தேவையில்லை. 'எஸ்பி_சைக்கிள்_எரர்லாக்' கட்டளை நடப்புக் கோப்பை மூடிப் புதியதைத் திறக்கும். மூடிய கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தி நிதானமாக ஆராயலாம். காரணத்தைக் களையாமல் கோப்பை மட்டும் அழிப்பது வீண்வேலை. சில நாளில் வட்டு மீண்டும் நிரம்பும். 'எல்டிஎஃப்' என முடியும் பரிவர்த்தனைப் பதிவு முற்றிலும் வேறு. இடம் வேண்டி அதை அழித்தால் தரவுத்தளமே திறக்காமல் போகலாம்.