பற்றும் கீழ்வாயும்

பின்னம் என்றாலே நம் பிள்ளைகள் தயங்குகின்றனர். அதன் முன் ஒரு குறைக்குறியும் சேர்ந்துவிட்டால் அஞ்சியே விடுகின்றனர். ஆயின் இக்கணக்கு நமக்கு அந்நியமானதன்று.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்தனர். மாகாணி 16-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. இவையே கீழ்வாய் இலக்கங்கள். 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்ததும், ரூபாயை 16 அணாவாகப் பகுத்த வழக்கம் மறைந்தது. இச்சொற்களும் மெல்ல வழக்கொழிந்தன.

குறை எண்ணின் வரலாறோ கடனிலிருந்து தொடங்குகிறது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் மிகையைத் தனம் என்றும், குறையை ருணம், அதாவது கடன் என்றும் பெயரிட்டு விதிகள் வகுத்தார். குராசானில் 940-இல் பிறந்து பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ, எழுத்தர்க்கும் வணிகர்க்கும் இயற்றிய கணித நூலில் பின்னங்களை விரிவாக ஆராய்ந்தார். மூன்றை ஐந்தால் பெருக்க அதில் அவர் காட்டும் வழி வியப்பூட்டுவது. மூன்றில் ஐந்து போனால் இரண்டு கடன். அதன் பத்து மடங்கு 20 கடன். பத்துக்கு மூன்றில் குறைவது ஏழு, ஐந்தில் குறைவது ஐந்து. இவற்றின் பெருக்கம் 35. அதில் 20 கடனைத் தீர்த்தால் எஞ்சுவது 15. பின்னர் 12-ஆம் நூற்றாண்டில் அஸ்ஸமவ்அல், குறையிலிருந்து குறையைக் கழிக்கும் விதிகளையும் தெளிவாக எழுதினார். ஐரோப்பாவிலோ 1758-இலும் பிரான்சிஸ் மேசரஸ் என்பார் குறை எண்களை மறுத்து நூல் எழுதினார்.

காரியாபட்டிக் கடைவீதியின் பேரேட்டில் இதனைப் பொருத்திப் பார்ப்போம். முக்கால் ரூபாய் பற்று, அரை ரூபாய் வரவு எனில், நிலுவை கால் ரூபாய் பற்று. அக்கால் ரூபாய்க் கடனில் பாதியைக் கடைக்காரர் தள்ளிவிட்டால், வாடிக்கையாளர்க்கு அரைக்கால் ரூபாய் ஆதாயம். குறையைக் குறையால் பெருக்க மிகை வருவதன் பொருள் இதுவே: கடனை நீக்குவதும் ஒரு வரவு.

இதில் நாம் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடொன்றும் உண்டு. மார்க்கச் சட்டப்படி, இறந்தவரின் கடனை அடைத்த பின்னரே அரை, கால், அரைக்கால் என வாரிசுப் பங்குகள் பிரிகின்றன. கடன் சொத்தை விஞ்சினால் பங்கு சூனியமாகுமேயன்றிக் குறையாக மாறி வாரிசின் சொந்தப் பொருள்மீது ஏறாது. கூட்டு வணிகத்திலோ அவ்வாறன்று. முதலில் கால் பங்கு இட்டவர், 600 ரூபாய் நட்டத்தில் 150 ரூபாயை ஏற்றாக வேண்டும். இலாபத்தின் காலை மட்டும் எண்ணிக் கையெழுத்திடுவோர், அதே காலின் குறைப்பக்கத்தையும் எண்ணுதல் வேண்டும்.

ஆகவே பிள்ளைகளுக்குக் குறைப் பின்னத்தைக் கற்பிக்கையில், வீட்டுக் கணக்கேட்டையே திறந்து காட்டுவோமாக. விதியை மனனம் செய்வதற்கு முன்பே அதன் நியாயம் அவர்களுக்கு விளங்கிவிடும்.