கழட்டி விட்ட மெமரியும் கோட்டை விட்ட மொபைலும்

எந்த கம்பெனியில் ஆணி புடுங்கினாலும் சரி, மேனேஜ்மென்ட் ட்ரெய்னிங் என்று ஏசி ரூமில் உட்கார வைத்தால் ஒரு கதை கட்டாயம் வரும். 1985-ல் இன்டெல் கம்பெனியின் பெரிய தலைகள் ரெண்டு பேர் ஒரு ரூமில் உட்கார்ந்து பேசினார்கள், பேசி முடிப்பதற்குள் கம்பெனியின் தலையெழுத்தே மாறிவிட்டது என்கிற கதை. நானே இதை மூணு தடவை கேட்டிருக்கேன். நல்ல கதைதான். ஆனா பாதிதான் சொல்றாங்க. மீதிப் பாதி இன்னும் சுவாரசியம்.

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

இன்டெல் என்றாலே நமக்கெல்லாம் ப்ராசசர்தான். ஆனா 1968-ல் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் கலிஃபோர்னியாவில் கம்பெனி ஆரம்பித்தது மெமரி சிப் செய்யத்தான். அப்போதைய கம்ப்யூட்டர்களில் மெமரி என்பது குட்டிக் குட்டி காந்த வளையங்கள். பூ கட்டுற மாதிரி கம்பியில் கோத்து வைத்திருப்பார்கள். அதைத் தூக்கிவிட்டு ஒரு சிலிக்கான் சில்லை வைப்பதுதான் திட்டம். 1970-ல் வந்த 1103 என்கிற சிப் அதைச் செய்து காட்டியது. 1974-ல் டி-ரேம் மார்க்கெட்டில் 80 சதவிகிதத்துக்கும் மேல் இன்டெல் கையில்.

ப்ராசசர்? அது பக்கவாட்டில் முளைத்தது. பிசிகாம் என்ற ஜப்பான் கால்குலேட்டர் கம்பெனிக்காகச் செய்த 4004, 1971-ல் வெளியே வந்தது. வீட்டின் மூத்த பிள்ளை மெமரிதான். ப்ராசசர் கடைக்குட்டி.

ஆரம்ப நாளிலேயே சேர்ந்தவர் ஆண்டி குரோவ். புடாபெஸ்டில் பிறந்து, 1956 எழுச்சியை சோவியத் படை நசுக்கிய பிறகு, இருபது வயதில் ஹங்கேரியை விட்டுத் தப்பி அமெரிக்கா வந்தவர். அவ்வளவு சுலபமாக பயப்படும் ஆள் இல்லை.

அவரையே பயமுறுத்தினார்கள் ஜப்பான்காரர்கள். 1976-ல் ஜப்பான் அரசாங்கமும் அங்குள்ள பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளும் சேர்ந்து சிப் ஆராய்ச்சியில் இறங்கின. 1980-ல் ஹெச்பி ஒரு குண்டைப் போட்டது: நாங்கள் வாங்கிச் சோதித்ததில் ஜப்பான் மெமரி சிப்கள் அமெரிக்க சிப்களை விட ரொம்பக் குறைவாகத்தான் பழுதாகின்றன என்று. உள்ளூர் கம்பெனிகளுக்கு நம்ப முடியவில்லை. அப்புறம் விலையும் சரிந்தது. பத்து வருஷம் முன்னால் 80 சதவிகிதம் வைத்திருந்த இன்டெலுக்கு 1984-ல் மிஞ்சியது 2 சதவிகிதம் கூட இல்லை.

இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற காட்சி. 1985-ன் நடுவில் குரோவ் மூரிடம் கேட்கிறார்: நம்ம ரெண்டு பேரையும் துரத்திட்டு வேற ஆளை உட்கார வச்சா, அவன் முதல்ல என்ன செய்வான்? மூர் யோசிக்கவே இல்லை. மெமரியை விட்டுடுவான் என்கிறார். அப்போ நாமளே கதவுக்கு வெளியே போயிட்டு, திரும்பி உள்ளே வந்து, அதைச் செய்தால் என்ன என்று குரோவ் கேட்கிறார். 1996-ல் எழுதிய புத்தகத்தில் அவரே சொன்ன சம்பவம். ட்ரெய்னிங் வாத்தியார் இந்த இடத்தில் ஒரு இடைவெளி விடுவார். எல்லோரும் தலையாட்டுவோம் :)

இனி சொல்லாமல் விட்ட பாதி.

இன்டெலில் ஒரு விதி இருந்தது. ஒரு சிலிக்கான் தட்டில் எந்தச் சரக்கைச் செய்தால் அதிக லாபமோ, அதற்குத்தான் ஃபேக்டரியில் முதலிடம். எந்தப் பெரிய தலையையும் கேட்க வேண்டாம். உற்பத்தித் திட்டம் போடுகிறவர்களும் கணக்குப் பிள்ளைகளும் உட்கார்ந்து பங்கு பிரித்துவிடுவார்கள். கையில காசு வாயில தோசை, அவ்வளவுதான்.

1981-ல் ஐபிஎம் தன் பிசிக்கு இன்டெலின் 8088 ப்ராசசரை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ப்ராசசரில் லாபம், மெமரியில் நஷ்டம். விதி தன் வேலையைக் காட்டியது. சத்தமே இல்லாமல் ஃபேக்டரிகள் ஒன்றொன்றாக மெமரியிலிருந்து ப்ராசசருக்கு மாறின. தலைவர்கள் ரூமில் பேச உட்கார்ந்தபோது எட்டு ஃபேக்டரியில் ஒன்றே ஒன்றுதான் டி-ரேம் செய்துகொண்டிருந்தது! ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ராபர்ட் பர்கல்மன் பின்னால் இதையெல்லாம் தோண்டி ஆராய்ந்து எழுதினார். ஆக, குரோவும் மூரும் செய்தது ஏற்கெனவே நடந்து முடிந்ததற்குக் கையெழுத்துப் போட்டதுதான்.

அந்தக் கையெழுத்தும் சும்மா வரவில்லை. ஆராய்ச்சிப் பணத்தில் பெரிய பங்கு அப்போதும் மெமரிக்கே போய்க்கொண்டிருந்தது. காரணம் ரெண்டு நம்பிக்கைகள். ஒன்று, அதிக எண்ணிக்கையில் செய்யும் மெமரியில்தான் ஃபேக்டரி தொழில் பழகும். ரெண்டு, கடை என்றால் எல்லாச் சரக்கும் இருக்கணும். கடைசியில் மெமரியை விடப்போகிறோம் என்று வாடிக்கையாளர்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னால், இதுக்கா இவ்வளவு நாள் என்று கேட்டாராம் ஒருவர்.

விலை இல்லாமல் இல்லை. 1986-ல் 17 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஏறக்குறைய 7,000 பேருக்கு வேலை போனது. ட்ரெய்னிங் ஸ்லைடில் அவர்களுக்கு ஒரு வரி. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது.

அப்புறம் ராஜயோகம். 1985 அக்டோபரில் 386. முந்தைய சிப்களை மற்ற கம்பெனிகளும் செய்ய அனுமதித்த இன்டெல், இதைத் தானே வைத்துக்கொண்டது. 1992-ல் உலகின் முதல் நம்பர் சிப் கம்பெனி.

படம் இங்கே முடிந்திருந்தால் சுபம். முடியவில்லையே.

வருஷம் 2006. இன்டெலிடம் எக்ஸ்-ஸ்கேல் என்று ஒரு சிப் குடும்பம் இருந்தது. ஏஆர்எம் வகை. பாம், பிளாக்பெர்ரி கருவிகள் சிலவற்றில் ஓடியது. பிசி சிப் கொடுக்கும் லாபத்துக்கு முன்னால் இதெல்லாம் சில்லறை. அந்த ஜூனில் 60 கோடி டாலருக்கு மார்வெல் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள். ஏழாவது மாதம், 2007 ஜனவரியில், ஸ்டீவ் ஜாப்ஸ் ஐஃபோனைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஐஃபோனுக்கு சிப் செய்ய ஆப்பிள் இன்டெலைக் கேட்டது. ஆப்பிள் கொடுக்கத் தயாராக இருந்த விலை, இன்டெல் போட்ட அடக்கவிலைக்கும் கீழே. முடியாது என்றார்கள். அப்போதைய தலைவர் பால் ஓட்டலினி 2013-ல் பதவியை விட்டு இறங்கும்போது இதைப் பேட்டியில் சொன்னார். அடக்கவிலைக் கணக்கும் தப்பாம். விற்ற எண்ணிக்கையோ எல்லோரும் நினைத்ததைப் போல நூறு மடங்காம். மனசு செய்யச் சொன்னதாம், கணக்கு வேண்டாம் என்றதாம்.

கவனிச்சீங்களா? 1985-ல் மனசு பழசைப் பிடித்துக்கொண்டது, கணக்கு காப்பாற்றியது. 2006-ல் மனசு சரியாகச் சொன்னது, கணக்கு கவிழ்த்தது. ரெண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே கணக்குதான். எதில் லாபம் அதிகமோ அதற்கு முதலிடம். அந்தக் கணக்குக்குக் கண் உண்டு, ஆனால் இன்றைய பேரேட்டில் இருப்பது மட்டும்தான் தெரியும். 1985-ல் ப்ராசசர் ஏற்கெனவே பேரேட்டில் ஏறியிருந்தது. 2006-ல் ஸ்மார்ட்ஃபோனுக்கு இன்னும் பக்கமே ஒதுக்கவில்லை.

இன்னொரு கூத்து. அதிக எண்ணிக்கையில் செய்கிறவன்தான் தொழில் பழகுவான் என்ற பழைய நம்பிக்கை இருந்ததே, அது தப்பே இல்லை! இன்டெல் வேண்டாம் என்ற அந்தச் சில்லறை லாபச் சிப்களைக் கோடிக்கணக்கில் செய்து தைவானின் டிஎஸ்எம்சி தேறியது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டருக்கும் சொந்த சிப்பை அங்கேயே செய்து கொண்டுவந்தது. 2024-ல் இன்டெலுக்கு 1,800 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஏறக்குறைய 15,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு. அந்த நவம்பரில் டவ் ஜோன்ஸ் பட்டியலிலிருந்து இன்டெல் வெளியே, என்விடியா உள்ளே. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே கிட்டத்தட்ட பத்து சதவிகிதப் பங்கை எடுத்துக்கொண்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: நேற்று ஜெயித்துக் கொடுத்த விதியைத்தான் முதலில் சந்தேகப்படணும். தோற்ற விதியைத் தூக்கிப்போட எல்லோருக்கும் தைரியம் உண்டு. ஜெயித்த விதியைக் கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்? அடுத்த ட்ரெய்னிங்கில் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கேன். வேலை இருந்தால் வந்து சொல்றேன் :)

உங்க ஆபீஸ்ல அப்படி யாரும் கேள்வி கேட்காத விதி எது? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.

கொசுறு: 4004 சிப்பின் உரிமை முதலில் பிசிகாமிடம்தான் இருந்தது. இன்டெல் 60,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. அதுக்கு எந்தப் பேரேட்டைப் பார்த்தாங்களோ!