பாங்கொலியும் கைபேசி மணியும்

சென்ற ரமலான் மாதத்தில் அலுவலகத்தில் எனக்கு இரண்டு பக்கமும் பட்டினிக்காரர்கள். இடப்பக்கம் நோன்பு வைத்திருந்த பாய். வலப்பக்கம் 16:8 முறையில் இருந்த இளைஞர். இரவு 9 மணியோடு வாயை மூடினால் மறுநாள் பகல் 1 மணிக்குத்தான் திறப்பார். இடையில் தண்ணீருக்கும் சர்க்கரையில்லாத கடுங்காப்பிக்கும் மட்டும் அனுமதி. காலை 11 மணிக்குப் பக்கத்துக் கடைப் பையன் மசால்வடைத் தட்டோடு வந்தால், இளைஞர் முதலில் வடையைப் பார்ப்பார், அப்புறம் கைபேசியைப் பார்ப்பார், அப்புறம் ஒரு பெருமூச்சு. பாயும் வடையைப் பார்க்காமல் இல்லை. ஆனால் பார்த்த கையோடு வேலைக்குத் திரும்பிவிடுவார். கணக்குப் போட அவருக்கு அங்கே ஒன்றும் இல்லை.

இந்தச் சின்ன வேறுபாடுதான் என்னை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டியது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: கட்டுப்பாடு. சாப்பாட்டில் வரும் கட்டுப்பாடு மெல்ல மற்ற காரியங்களுக்கும் பரவும் என்பது இருவரின் நம்பிக்கை. அது உண்மையா, உண்மையென்றால் எதனால் பரவுகிறது என்பதே என் கேள்வி.

முதலில் மணிக்கணக்கு. 16 என்ற எண் பெரிதாகத் தெரியும். அதில் ஏழு மணி நேரம் தூக்கத்தில் கழிந்துவிடுகிறது. மிச்சம் விழித்திருந்து பசியைத் தாங்குவது ஒன்பது மணி நேரம், அதுவும் தண்ணீரும் காப்பியும் துணைக்கு வர. மார்ச் மாதத்துச் சென்னையில் நோன்பாளியின் சஹர் உணவு முடிவது விடியற்காலை 5 மணியை ஒட்டி; நோன்பு திறப்பது மாலை ஆறே கால், ஆறரைக்கு. 13 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். எண்ணில் சிறியது. ஆனால் அத்தனையும் பகல், அத்தனையும் வேலை நேரம். தண்ணீர் கிடையாது, புகை கிடையாது, கணவன் மனைவி உறவும் மஃக்ரிப் என்னும் அந்தி வேளைக்குப் பிறகுதான். இஸ்லாமிய ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னே நகரும். ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். சித்திரை வெயிலில் வருவதும் கார்த்திகைக் குளிரில் வருவதும் நோன்பாளியின் கையில் இல்லை. 16:8 காரர் ஞாயிற்றுக்கிழமை கல்யாண விருந்து என்றால் சனிக்கிழமையே மணியை நகர்த்தி வைத்துக்கொள்வார். எங்கள் இளைஞர் அந்த மாதத்தில் எத்தனை முறை நகர்த்தினார் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சிரித்துக்கொண்டு சொன்னார், "கணக்கு வைக்கிறதை விட்டுட்டேன் சார்."

பசியைப் பற்றி ஓர் உடலியல் செய்தி இரண்டு பேருக்கும் பொது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் நாம் வழக்கமாகச் சாப்பிடும் வேளைகளில் ஏறும். சாப்பிடாமல் விட்டாலும் சிறிது நேரத்தில் தானாகவே இறங்கும். ஒரு நாளுக்கு மேல் உண்ணாமல் இருந்தவர்களிடம்கூட இந்த ஏற்ற இறக்கத்தை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பசி நேர்கோடாக ஏறிக்கொண்டே போவதில்லை. அலையாக வந்து அலையாகப் போகிறது. வயிற்றைக் காயப்போட்டவர் முதலில் கற்கும் பாடம் இது. 11 மணிப் பசி 12 மணிக்கு இல்லாமல் போவதை நாலு நாள் கண்டவருக்கு, "இப்போதே வேண்டும்" என்று உள்ளே கத்தும் குரலின் மேல் பழைய மரியாதை இருக்காது. சினம் தலைக்கேறும் நேரத்திலும், தேவையில்லாத பொருளுக்குக் கைபேசியில் பணம் கட்டப் போகும் நேரத்திலும் கேட்பது அதே குரல்தான். இந்த அளவுக்கு இரண்டு முறையும் சமம். பாடம் ஒன்று, பள்ளிக்கூடங்கள் வேறு.

16:8 ஐப் பரப்புகிறவர்கள் அதன் மேல் ஏற்றும் சுமை கொஞ்சநஞ்சமல்ல. 2016இல் ஜப்பானிய உயிரியலாளர் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்ததை நாலு பேராவது எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். செல் தன் கழிவைத் தானே தின்று புதுப்பிக்கும் வழியை அவர் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார். இட்லியைத் தள்ளிப்போடுவதற்காக அந்தப் பரிசு கொடுக்கப்படவில்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளியானது. எல்லோருக்கும் உணவின் கலோரி அளவு குறைக்கப்பட்டது. அவர்களில் ஒரு பிரிவினர் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டுமே சாப்பிட்டார்கள். அந்தப் பிரிவு சராசரியாக 8 கிலோவும் மற்றது 6.3 கிலோவும் இழந்தன. இந்த இடைவெளி புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. கடிகாரத்துக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பலர் இதைக் கேட்டு 16:8 ஐக் கைகழுவினார்கள். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. எடையைக் கேட்டால் கடிகாரம் பதில் சொல்லாது. பழக்கத்தைக் கேட்டால் சொல்லக்கூடும்.

மன உறுதியைப் பற்றி நாம் வைத்திருக்கும் படமே சற்றுப் பழையது. 1998இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவினர் புதிதாகச் சுட்ட சாக்லேட் பிஸ்கட்டை ஒரு தட்டிலும் முள்ளங்கியை ஒரு தட்டிலும் வைத்து, சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்கள். பிறகு விடையே இல்லாத புதிர் ஒன்றைக் கொடுத்தபோது முள்ளங்கி தின்றவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள். மன உறுதி ஒரு தொட்டி, செலவழித்தால் குறையும் என்ற கருத்து அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000 பேருக்கு மேல் வைத்து, அந்தக் கருத்தை வேறொரு சோதனையால் உரசிப் பார்த்தபோது விளைவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனது. உடனே தின்னாமல் காத்திருந்தால் கூடுதல் மிட்டாய் என்ற வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ சோதனையில் காத்திருந்து ஜெயித்த குழந்தைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டாயை முறைத்தவர்கள் அல்லர். கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆசையோடு மல்லுக்கு நிற்காமல் இருக்க வழி செய்துகொண்டவர்களே தேறினார்கள்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ரமலான் மாதம் ஒரு பெரிய ஏற்பாடாகத் தெரிகிறது. பிறை தென்பட்டதும் முடிவு எடுக்கப்பட்டாகிவிட்டது. சஹருக்கு வீடே எழுந்திருக்கிறது. நோன்பாளிகளின் தெருவில் பகலில் தேநீர் நீட்டுவாரில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள்; கஞ்சிக்கான அரிசியைத் தமிழக அரசே பள்ளிவாசல்களுக்குத் தருகிறது. திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய மசூதியில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த இந்துத் தொண்டர்கள் தலையில் தொப்பியணிந்து பரிமாறுவது பல பத்தாண்டுப் பழக்கம். ஒருவர் பசியைத் தாங்க ஊரே கைகொடுக்கிறது. "சாப்பிடலாமா, வேண்டாமா" என்று ஒரு பகலில் 20 முறை தனக்குள் விவாதிக்கும் வேலை நோன்பாளிக்கு இல்லை. 16:8 காரருக்கு அந்த விவாதம் தினமும் உண்டு, அதுவும் தனியாக.

ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். "நோன்பு" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார், மன்னிப்பும் கேட்பார். "டயட்ல இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஒரு வடையில என்ன ஆயிடப் போகுது" என்று இரண்டாவதும் விழும். எங்கள் இளைஞர் ஒரு முறை மாமியார் வீட்டில் வேறு வழியில்லாமல் "இன்னிக்கு விரதம்" என்று சொல்லித் தப்பித்திருக்கிறார். எந்தச் சாமிக்கு என்று மாமியார் கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டார்.

ஆனால் நோன்பின் பலம் ஊர்த்துணை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அது வயிற்றோடு நிற்பதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். யாராவது வம்புக்கு இழுத்தால், ஏசினால், "நான் நோன்பாளி" என்று சொல்லி விலகச் சொல்கிறது புகழ்பெற்ற நபிமொழி. பொய்யை விடாதவர் பட்டினி கிடப்பதால் பயனில்லை என்ற பொருளில் இன்னொன்று இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து ஆராய்ந்து சொல்லிவருவதும் இதையொட்டியதே: "நல்லவனாக இருப்பேன்" என்ற பொதுத் தீர்மானத்தைவிட, "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது அதிகம் பலிக்கிறது. ஏசினால் என்ன சொல்வது என்பது நோன்பாளிக்கு முன்பே தெரியும். 16:8 செயலிகளில் பசித்த நேரத்தில் மனைவியிடம் எரிந்து விழாதே என்று சொல்லும் மணியை நான் பார்த்ததில்லை.

பசி கோபத்தைக் கூட்டுமா குறைக்குமா என்பதற்கு இரண்டு நீதிமன்ற ஆய்வுகள் எதிரெதிர்ப் பதில் தருகின்றன. இஸ்ரேல் நீதிபதிகளைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வு 1,112 தீர்ப்புகளை எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் சாப்பிட்டு வந்தவுடன் கைதிகளுக்குச் சாதகமான தீர்ப்பு சுமார் 65 விழுக்காடு. அடுத்த இடைவேளை நெருங்க நெருங்க அது பூஜ்யத்தை ஒட்டிச் சரிந்தது. வழக்குகள் வந்த வரிசையே தற்செயலானது அல்ல, வழக்கறிஞர் இல்லாதவர்கள் கடைசியில் வந்தார்கள் என்று பிறகு மறுப்பும் எழுந்தது. 2023இல் வந்தது மற்றது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஏறத்தாழ 5 லட்சம் வழக்குகளை அலசியதில், ரமலான் நோன்பின் நேரம் நீள நீள முஸ்லிம் நீதிபதிகள் விடுதலை தருவது கூடியிருந்தது. காலி வயிறு இரண்டு இடத்திலும் காலி வயிறுதான். ஒருவருக்கு அது மதிய உணவு தாமதமான எரிச்சல். மற்றவருக்கு இரக்கத்தை நினைவூட்டும் மாதம். பசிக்கு நாம் வைக்கும் பெயரே அதன் குணத்தை மாற்றிவிடுகிறது என்று நான் இதை வாசிக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு நோன்பின் ஓட்டையையும் சொல்லவேண்டும். 13 மணி நேரம் புகையைத் தொடாத ஒருவர் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்துக்கு அடுத்தபடியாகத் தேடுவது சிகரெட்டை. முடியாதது என்று அவர் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது முடியும் என்று 30 நாள் நிரூபித்துக் காட்டுகிறார், பெருநாளன்று பழையபடி பொட்டலம் சட்டைப்பையில். ஏற்பாடு கலைந்ததும் கட்டுப்பாடும் கலைகிறது. பகல் முழுக்கக் காத்துவிட்டு இரவில் சமோசா, பிரியாணி, இனிப்பு என்று இறங்கி, மாதக் கடைசியில் எடை கூடி நிற்பவர்களும் உண்டு. 8 மணி நேர "சன்னல்" திறந்ததும் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும் 16:8 காரர் இவர்களுக்குப் பங்காளி. காந்தி தன் சத்திய சோதனையில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்: உபவாசம் இருந்த பிறகு உணவு முன்னைவிட ருசித்தது, பசி கூர்மையானது, உபவாசத்தைப் புலனடக்கத்துக்குப் பயன்படுத்துவதுபோலப் புலனின்பத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அவருக்கு உறைத்தது. தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய இருந்த அவருடைய தென்னாப்பிரிக்க டால்ஸ்டாய் பண்ணையில் முஸ்லிம் சிறுவர்கள் ரமலான் நோன்பு வைத்தபோது மற்றச் சமயத்துப் பிள்ளைகளையும் அவர் கூட நோன்பிருக்கச் செய்தார். தனியாக இருப்பதைவிடச் சேர்ந்து இருப்பது எளிது என்பதை அவர் நேரில் பார்த்தவர்.

16:8 இன் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த முறையில் இருப்பவரைப் பார்க்க யாருமில்லை. இரவு 10 மணிக்குத் தொலைக்காட்சியின் முன்னால் முறுக்கு டப்பாவைத் திறக்காமல் இருப்பவருக்குப் புண்ணியமும் இல்லை, பாராட்டும் இல்லை. டப்பா திறந்தால் பாவமும் இல்லை. அந்த நிலையில் ஒருவர் ஓராண்டு நிலைத்து நின்றால், அவர் சம்பாதித்தது எந்த மாதம் முடிந்தாலும் முடியாது. எங்கள் இளைஞர் இரவுத் தீனியை விட்டே விட்டார். காலையில் மணியை எத்தனை முறை நகர்த்தினாலும் இரவு 9 மணிக் கதவை அவர் நகர்த்தவில்லை. அதனால் சீக்கிரம் படுக்கிறார். படுப்பதால் கைபேசியில் படம் பார்ப்பது குறைந்தது. ஒரு கதவு இன்னொன்றையும் சாத்தியது.

செயலி கேட்காத ஒரு கேள்வியை நோன்புச் சட்டம் கேட்கிறது: உன்னால் முடியுமா? நோயாளி, பயணி, மாதவிலக்கில் இருப்பவர், பாலூட்டும் தாய் ஆகியோருக்கு விலக்கு உண்டு. விட்டதைப் பிறகு வேறு நாளில் வைத்துக் களா செய்ய வேண்டும், அறவே இயலாதவர் அதற்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்க வேண்டும். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளி மருத்துவரைக் கேட்காமல் 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் செயலி அவருக்குப் பச்சைப் பட்டை காட்டிப் பாராட்டும். எப்போது விடவேண்டும் என்று தெரிவதும் கட்டுப்பாட்டில் சேர்த்திதான்.

மாதம் முடிந்து பெருநாளும் போன பின் ஒரு திங்கட்கிழமை, வடைத் தட்டு வந்தபோது பாய் மறுபடியும் தலையசைத்து மறுத்தார். ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பு என்றார். கடமையில்லை, விரும்பினால் வைக்கலாம். "பாய், முப்பது வச்சவங்களுக்கு ஆறு என்ன பெரிசு?" என்றேன். "அந்த முப்பதையும் ஊரு வச்சுச்சு. இந்த ஆறை நான் வைக்கணும்" என்றார். வீட்டில் மற்ற எல்லோரும் சாப்பிடுகிறார்கள், பள்ளிவாசலில் கஞ்சி இல்லை, சஹருக்குத் தானே அலாரம் வைத்து எழுந்து முந்தின நாள் சோற்றைச் சுடவைத்துக்கொள்கிறார். வலப்பக்கத்து இளைஞர் நாற்காலியைத் திருப்பி, எத்தனை மணிக்கு அலாரம் வைக்கிறீர்கள் என்று கேட்டார். இருவரும் கைபேசியை எடுத்து நேரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வடையை நான் எடுத்துக்கொண்டேன்.