வெள்ளாற்றங்கரையும் அரபுத்தமிழும்

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி, லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்தவள், பாட்டியின் பெட்டியில் இருந்ததென்று ஒரு பழைய நூலைக் கொண்டுவந்தாள். அட்டை இல்லை, தாள்கள் பழுப்பேறி ஓரம் உதிர்ந்தன. முழுவதும் அரபு எழுத்து. சிறுவயதில் பள்ளிவாசலில் ஓதியவள் ஆதலால் தயக்கமின்றி வாசிக்கத் தொடங்கினாள். ஓரிரு எழுத்துகளில் மட்டும் நாக்கு தடுக்கியது. இரண்டாம் வரியில் நிறுத்திவிட்டு, "ஐயா, இது தமிழ்!" என்றாள்.

அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் வழங்கும் எழுத்துமுறை அது. அரபியில் ப, ட, ங, ள, ழ முதலிய ஒலிகளுக்கு எழுத்தில்லை. அண்மை ஒலியுடைய அரபு எழுத்துக்குப் புள்ளியைக் கூட்டியோ இடம் மாற்றியோ இவற்றை உண்டாக்கினர். அ, இ, உ என்னும் மூன்று குறில்களே அரபியில் உள்ளமையால் எகர ஒகரங்களுக்குத் தனிக் குறிகளும் வேண்டியிருந்தன. தமிழ் ஒலியியலை நன்கு உணர்ந்தவர்களே இதைச் செய்திருக்க முடியும். நம் இலக்கிய வரலாற்று நூல்கள் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

பெரம்பலூர் மாவட்டத்தின் வடவெல்லையில் லப்பைக்குடிக்காட்டைத் தொட்டோடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிறது. சீறாப்புராணம் பாடப் புகுந்த உமறுப் புலவர், நபிகளின் வரலாறு அரபு நூல்களில் இருந்தமையால், கீழக்கரைப் பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பாவை (1632-1703) நாடினார் என்றும், பின்னர் பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியாரிடம் பொருள் கேட்டறிந்தார் என்றும் மரபு கூறுகிறது. அரபு அறியாத தமிழர் ஒருவருக்கு அரபு நூற்பொருளைத் தமிழில் விளக்கிச் சொன்ன அந்த வகுப்பறையிலிருந்தே நமக்கொரு காப்பியம் கிடைத்தது.

இதே பணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தின் வழியே விரித்தவர் கீழக்கரை செய்யிது முகம்மது ஆலிம் (1816-1898). தைக்கா சாகிபின் மகளை மணந்ததால் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று அழைக்கப்பட்டார். அவருடைய 'ஃபத்ஹுத் தய்யான்' மார்க்கச் சட்டத்தை அரபுத்தமிழில் விளக்கும் நூல். தமிழகத்திலும் இலங்கையிலும் அவர் கற்பித்தார். குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளை மேலும் சில எழுத்துகளை அறிந்துகொண்டால் போதும். தன் தாய்மொழியிலேயே மார்க்கக் கல்வி கிட்டிவிடும். பெண்கள் இதனால் பெற்ற பயன் பெரிது. வீட்டைவிட்டு வெளியே சென்று பயில இயலாத காலத்தில் அவர்கள் மாலைகளையும் சட்ட நூல்களையும் தாமே படித்தனர். என் மாணவியின் பாட்டியும் அப்படித்தான். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாதவர், அந்நூலைச் சரளமாகப் படிப்பாராம். அவரைக் கல்லாதவர் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

இருபதாம் நூற்றாண்டில் தமிழெழுத்து அச்சு பரவப் பரவ அரபுத்தமிழ் ஒதுங்கியது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்ற ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் குர்ஆன் தமிழாக்கம் முழுமையாக வெளிவந்தது. இனிப் பொருளறியத் தமிழெழுத்துப் போதும் என்றாயிற்று. அது நல்ல மாற்றமே. ஆனால் அதற்கு முந்தைய நூல்கள் அனைத்தும் ஒரே தலைமுறையில் ஊமையாயின.

இன்று மேலை நாடுகளில் வளரும் தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் வாரயிறுதி மதரசாக்களில் ஓதுகிறார்கள். உச்சரிப்புத் திருத்தமாக இருக்கிறது. பொருளோ ஆங்கிலத்தில் வருகிறது. அரபை ஆங்கில எழுத்தில் பெயர்த்தெழுதிய பாடநூல்களும் உண்டு. ஓதுவது ஒரு மொழி, பேசுவது வேறு மொழி என்னும் அதே சிக்கலைக் கீழக்கரையார் எழுத்தைத் தம் மொழிக்கு வளைத்துத் தீர்த்தார்கள். இலண்டனிலோ தமிழ் அந்தக் கணக்கிலேயே இல்லை.

மாணவி இதுவரை எட்டுப் பக்கங்களைத் தமிழெழுத்தில் பெயர்த்துள்ளாள். ஒரு சொல்லில் பூச்சி அரித்த இடத்தில் புள்ளி இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பாட்டியிடம் கேட்டுவருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.