ஊதியமும் இடமாற்ற உரிமையும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆட்டக்காரரின் நிலை, 1905–2025

இந்தியானா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி நூறாண்டுக்கும் மேலாகத் தோற்பதற்கே பேர்போனது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உயர்பிரிவில் மிக அதிகத் தோல்விகளைச் சேர்த்த அணிகளுள் அதுவும் ஒன்று. 2023 நவம்பர் இறுதியில் கர்ட் சிக்னெட்டி அதன் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். முன்பு தாம் பணியாற்றிய ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கூடவே கொண்டுவந்தார். அடுத்த பருவத்திலேயே 11 வெற்றிகள். அதற்கடுத்த ஆண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா என்ற குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரர், இடம் மாறி வந்தார். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை 2025-இல் அவருக்குக் கிடைத்தது. 2026 ஜனவரியில் ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டம் இந்தியானாவின் கைக்கு வந்தது.

பத்தாண்டுக்கு முன் இப்படியோர் அணியைக் கட்டியிருக்க முடியாது. பட்டம் முடிக்காமல் கல்லூரி மாறிய ஆட்டக்காரர் ஒரு பருவம் முழுவதும் களமிறங்காமல் உட்கார வேண்டும் என்பது அன்றைய விதி. உதவித்தொகைக்கு மேல் பணம் வாங்கினால் ஆடும் தகுதியே பறிபோகும். இவ்விரு தடைகளையும் தனித்தனி வரலாறுகளாக எழுதுவது வழக்கம். இரண்டும் ஒரே பூட்டின் இரு பகுதிகள் என்பது இக்கட்டுரையின் வாதம். விட்டுப் போகும் உரிமை இல்லாதவன் தன் உழைப்புக்கு விலை பேச முடியாது. விலை பேச முடியாதவன் விட்டுப் போவதால் பெரிதாக ஒன்றும் பெறுவதில்லை. இரு தடைகளும் உடைந்தது 2018-க்கும் 2024-க்கும் இடைப்பட்ட ஆறே ஆண்டுகளில். உடைத்தவை பெரும்பாலும் நீதிமன்றங்கள். ஆட்டக்காரர்கள் மேசையில் உட்கார்ந்து பேசிப் பெற்ற ஒப்பந்தம் இதில் எங்கும் இல்லை. இன்று காணும் குழப்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இங்கே கால்பந்து என்பது கோல் அடிக்கும் ஆட்டம் அன்று. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி மோதும் அமெரிக்கக் கால்பந்து. ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். மாணவர் விளையாட்டு என்றதும் நம் மனத்தில் எழும் கல்லூரி மைதானத்தை வைத்து இந்தப் பணத்தின் அளவைப் புரிந்துகொள்ள முடியாது.

தூய அமெச்சூர் காலம் என்று ஒன்று இருந்ததா?

பழைய நாட்களில் மாணவர்கள் விளையாட்டின்மேல் கொண்ட அன்புக்காக மட்டுமே ஆடினார்கள், பணம் பின்னால் வந்து கெடுத்தது என்ற கதை அமெரிக்காவில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆவணங்கள் அதை ஆதரிக்கவில்லை. கால்பந்துக்கு முன்பே, 1852-இல் ஹார்வர்டும் யேலும் மோதிய முதல் படகுப் போட்டியை நடத்திச் செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பெனி. 1869-இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடிய ஆட்டத்தோடு கல்லூரிக் கால்பந்து தொடங்கியது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவது ஊரறிந்த ரகசியமாகிவிட்டது.

1905-இல் மெக்ளூர்ஸ் இதழ் யேல் அணித்தலைவர் ஜேம்ஸ் ஹோகன் பெற்ற சலுகைகளை அம்பலப்படுத்தியது. கல்விக் கட்டணமும் தங்குமிடமும் இலவசம். நியூ ஹேவனில் விற்கும் குறிப்பிட்ட சிகரெட்டுகளுக்குக் கமிஷன். பருவம் முடிந்ததும் கியூபாவுக்கு உல்லாசப் பயணம். ஒரு விளையாட்டு வீரர் தம் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிப்பது 2021-இல் பிறந்த புதுமை என்று நினைப்பவர்கள் அந்தச் சிகரெட் கமிஷனைக் கவனிக்க வேண்டும்.

அதே ஆண்டு களத்தில் உயிரிழப்புகள் பெருகின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். இந்த நெருக்கடியிலிருந்து 1906-இல் உருவான சங்கமே 1910-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்.சி.ஏ.ஏ., எனப் பெயர் மாறியது. ஆட்டக்காரரின் உயிரைக் காக்கப் பிறந்த அமைப்பு, பிற்காலத்தில் அவர் கைக்குப் பணம் சேராமல் காப்பதையே தலையாய வேலையாகக் கொண்டது. முதலில் அதற்கு அந்த வலுவும் இல்லை. 1929-இல் வெளிவந்த கார்னகி அறக்கட்டளையின் அறிக்கை, ஆராய்ந்த கல்லூரிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஏதோ ஒரு வழியில் ஆட்டக்காரருக்குப் பணம் தந்ததாகக் கண்டது. 1948-இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டை மீறிய ஏழு கல்லூரிகளை 1950-இல் வெளியேற்ற முயன்றபோது போதிய வாக்கு கிடைக்கவில்லை. மறு ஆண்டு அந்த விதியே கைவிடப்பட்டது.

1956-இல் ஒரு சமரசம் பிறந்தது: விளையாட்டுத் திறனுக்காகவே கல்விக் கட்டணம், உணவு, தங்குமிடம் ஆகியவற்றை உதவித்தொகையாகத் தரலாம். எல்லாக் கல்லூரிகளும் ஒரே உச்சவரம்புக்குக் கட்டுப்பட்டன. பொருளியல் கண்ணோடு பார்த்தால், போட்டியாளர்கள் கூடி ஒரு கூலியை நிர்ணயித்த ஏற்பாடு அது.

ஒரு மரணமும் ஒரு தீர்ப்பும்

ஊதியம் என்றால் தொழிலாளர், தொழிலாளர் என்றால் இழப்பீடு: இந்தச் சங்கிலியைச் சங்கம் மிகவும் அஞ்சியது. 1953-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம், பயிற்சியில் காயமுற்ற டென்வர் பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஒருவருக்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு என்றது. வளாகத்தில் அவருக்குக் கிடைத்த வேலை கால்பந்து ஆடியதையே சார்ந்திருந்தது. 1955-இல் அதே மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணிக்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். இழப்பீடு கேட்டு அவர் மனைவி வழக்குத் தொடுத்தார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி 1957-இல் அதே நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது.

அந்தக் காலத்தில் சங்கத்தின் நிர்வாகத் தலைவராக இருந்தவர் வால்டர் பையர்ஸ். 1951 முதல் 1987 வரை அப்பொறுப்பை வகித்தவர். ஆட்டக்காரரை எந்த ஆவணத்திலும் ஊழியர் என்று குறிப்பிடாமல், 'மாணவ விளையாட்டு வீரர்' என்றே எழுத வேண்டும் என்ற நடைமுறை இத்தகைய இழப்பீட்டு அச்சத்திலிருந்து வந்தது என்பதை, ஓய்வுபெற்ற பின் 1995-இல் வெளியிட்ட நூலில் அவரே எழுதினார். தாம் கட்டிய அமைப்பு ஆட்டக்காரரைச் சுரண்டுகிறது என்று அந்நூலில் அவர் வெளிப்படையாகச் சொன்னது, இத்துறையின் வரலாற்றில் மிக முக்கியமான வாக்குமூலம் என்று கருதுகிறேன்.

1973-இல் நான்காண்டு உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒன்றாகச் சுருக்கப்பட்டது. ஆண்டு முடிவில் பயிற்சியாளர் ஆட்டக்காரரைக் கைவிடலாம். ஆனால் ஆட்டக்காரர் பயிற்சியாளரை விட்டுப் போனால் ஓராண்டு தண்டனை; வேறு கல்லூரியோடு பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். பயிற்சியாளருக்கு இப்படி எந்தத் தடையும் இருந்ததில்லை. 2021 நவம்பர் இறுதியில் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவிலிருந்து தெற்குக் கலிஃபோர்னியாவுக்கும், பிரையன் கெல்லி நோட்ரடேமிலிருந்து லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் அடுத்தடுத்த நாட்களில் மாறினார்கள். யாரும் அவர்களை ஓராண்டு உட்காரச் சொல்லவில்லை.

1984: பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்த விடுதலை

இந்த வரலாற்றின் அச்சாணி 1984-ஆம் ஆண்டின் ஓக்லஹோமா வழக்கு. அதுவரை எந்த ஆட்டம் தொலைக்காட்சியில் வரலாம், ஓர் அணி எத்தனை முறை வரலாம் என்பதைச் சங்கமே தீர்மானித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் தரப்பு இதை எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் 7–2 என்ற பெரும்பான்மையில் அவர்கள் பக்கம் நின்றது: இது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது. மாறுபட்டு எழுதிய நீதிபதி பைரன் வைட், கல்லூரிக் காலத்தில் தாமே புகழ்பெற்ற கால்பந்து வீரர். பணவெறி இதனால் பெருகும் என்ற அவரது கவலை வீணாகவில்லை.

ஒளிபரப்பு உரிமையைத் தனித்தனியாக விற்கும் வழி திறந்ததும் பணம் கொட்டியது. 2022-இல் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகியவற்றோடு செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். ஒளிபரப்புக் கணக்கு பூகோளத்தையும் கலைத்தது. பசிபிக் கரையோரப் பல்கலைக்கழகங்கள் நான்கு 2024-இல் மத்திய மேற்கின் பிக் டென்னில் சேர்ந்தன.

ஆனால் பல்கலைக்கழகங்களை விடுவித்த அதே தீர்ப்பில் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், கல்லூரி விளையாட்டின் தனித்தன்மை நிலைக்க ஆட்டக்காரருக்குப் பணம் தரலாகாது என்ற பொருள்பட ஒரு கருத்தைப் போகிற போக்கில் எழுதினார். வழக்கின் கேள்வி அதுவே அன்று. இருந்தும் அடுத்த 37 ஆண்டுகள் சங்கத்தின் வழக்கறிஞர்கள் அந்த வரிகளையே கேடயமாகத் தூக்கினார்கள். ஆகவே சந்தை ஒரு பக்கம் மட்டும் திறந்தது. உழைப்பின் விலை அசையாமல் நிற்க, வருமானம் பயிற்சியாளர் சம்பளத்திலும் அரங்கங்களிலும் பாய்ந்தது. 2023-இல் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரைப் பதவிநீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை சுமார் 7.6 கோடி டாலர். இனி வேலை செய்யாதிருப்பதற்காக ஒருவருக்கு இவ்வளவு பணம் தர முடிந்த துறை, ஆடுபவருக்குத் தரப் பணமில்லை என்று சொல்லிவந்தது.

ஆறு ஆண்டுகளில் உடைந்தது

முதல் விரிசல் எட் ஓபானன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர் 2009-இல் தொடுத்த வழக்கு. தம் உருவம் வீடியோ கேமில் தமக்குத் தெரியாமலே விற்பனையாவதைக் கண்டவர் அவர். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கம் கேட்டனர். தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் அவர்களை ஊழியர்கள் என்றார். 2015-இல் வாரியமோ அதிகார வரம்பைக் கையிலெடுக்க மறுத்து ஒதுங்கியது. உயர்பிரிவின் பெரும்பாலான அணிகள் அரசுப் பல்கலைக்கழகங்களுடையவை. வாரியத்தின் சட்டம் அவற்றைத் தொடாது. நியாயமான பாதை ஒன்று அங்கே அடைபட்டது என்பது என் கணிப்பு.

2019-இல் கலிஃபோர்னியா, பெயரும் உருவமும் வைத்துச் சம்பாதிக்க ஆட்டக்காரருக்கு உரிமை தரும் சட்டத்தை இயற்றியது. 2021 ஜூன் 21 அன்று, ஆட்டக்காரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9–0 எனச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு கல்வி சார்ந்த சலுகைகளை மட்டுமே தொட்டாலும், ஸ்டீவன்ஸின் பழைய வரிகள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. பத்தே நாளில், ஜூலை 1 அன்று, விளம்பர வருமானத் தடை விழுந்தது.

இடமாற்றத் தடை சற்று முன்பே தளரத் தொடங்கியிருந்தது. 2018 அக்டோபரில் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் ஒரு பெயர்ப்பட்டியல்தான். ஆனால் அதில் பெயரைப் பதிய யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதே அதன் வலிமை. 2021-இல் ஒருமுறை தண்டனையின்றி மாறலாம் என்றானது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மத்திய நீதிமன்றம் எஞ்சிய தடையையும் நிறுத்திவைத்தது. 2024 ஏப்ரலில் படிப்பில் தேறியவர் எத்தனை முறையும் மாறலாம் எனச் சங்கமே ஒப்புக்கொண்டது.

இரு உரிமைகளும் சேர்ந்ததும் சந்தை முழுமையடைந்தது. பழைய மாணவர்களும் ஊர்ச் செல்வந்தர்களும் 'கலெக்டிவ்' என்ற நிதிக் குழுக்களை அமைத்தனர். பெயரளவில் விளம்பர ஒப்பந்தம், நடைமுறையில் சம்பளம். டென்னசியின் கலெக்டிவைச் சங்கம் விசாரிக்கப் போனபோது மாநில அரசே வழக்குப் போட்டது. 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் சங்கத்தின் கையைக் கட்டியது. அந்த விசாரணையின் மையத்தில் இருந்த குவார்ட்டர்பேக் நிகோ இயாமலேவா, 2025 ஏப்ரலில் ஊதியப் பேச்சு முறிந்ததாகச் செய்திகள் வர, டென்னசியை விட்டு லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏவுக்குப் போனார். 2022 முதல் 2025 வரை ஹைஸ்மன் கோப்பை பெற்ற நால்வரும், காலெப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், டிராவிஸ் ஹண்டர், மெண்டோசா, கல்லூரி மாறியவர்களே.

இந்தச் சந்தையில் தோற்பவர்களைப் பற்றிக் குறைவாகவே எழுதப்படுகிறது. போர்ட்டலில் பெயர் பதிந்தவர்கள் எல்லோருக்கும் புது இடம் கிடைப்பதில்லை. பதிந்த பின் பழைய கல்லூரி உதவித்தொகையை நிறுத்தலாம். பள்ளியிலிருந்து வரும் பதினெட்டு வயதுக்காரரைவிட, கல்லூரியில் ஆடித் தேறிய இருபத்திரண்டு வயதுக்காரரையே பயிற்சியாளர் விரும்புகிறார்.

உச்சவரம்பு யார் பேசி வந்தது?

2025 ஜூன் 6 அன்று, ஆட்டக்காரர்கள் சங்கத்தின்மேல் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி வில்கன் ஏற்றார். வழக்கில் பெயர் தாங்கிய கிராண்ட் ஹவுஸ் ஒரு நீச்சல் வீரர். முந்தைய ஆண்டுகளுக்கான இழப்பீடாகச் சுமார் 280 கோடி டாலர், பத்தாண்டுகளில். இனிமேல் பல்கலைக்கழகமே ஆட்டக்காரருக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025–26-க்கு ஒரு பல்கலைக்கழகத்தின் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். வெளியார் தரும் 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை டெலாய்ட் நிறுவனம் நடத்தும் அமைப்பு சரிபார்க்கும். கால்பந்து அணியில் 105 பேருக்கு மேல் கூடாது.

பழைய இழப்பீட்டில் பெரும்பங்கு கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போவதால், கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தனர். வருமானம் இல்லாத விளையாட்டுகளிலும் அதிர்வு தெரிகிறது. கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் இச்சமரசத்தின் செலவையும் காரணமாகச் சொல்லி 2025 மார்ச்சில் நீச்சல் அணியைக் கலைத்தது.

என்னை அதிகம் உறுத்துவது அந்த உச்சவரம்பு. தொழில்முறை அணிகளின் தேசியக் கால்பந்து லீகிலும் சம்பள உச்சவரம்பு உண்டு. 1994 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டக்காரர் சங்கம் 1993-இல் பேசி ஒப்புக்கொண்டதால் ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடுவதில்லை. கல்லூரி ஆட்டக்காரருக்குத் தொழிற்சங்கம் இல்லை. அவர்கள் ஊழியர்கள் என்பதைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் ஏற்கவில்லை. 2024-இல் பிலடெல்ஃபியாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்கள் ஊதியச் சட்டத்தின்படி ஊழியர்களாகக் கருதப்பட வாய்ப்புண்டு என்று மட்டும் சொல்லியிருக்கிறது. ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு தரும் சட்டத்தை அரசியல்வாதிகளிடம் கேட்டு வாஷிங்டனில் காத்திருக்கும் என்.சி.ஏ.ஏ., அந்தக் காலத்தை ஆட்டக்காரரோடு பேசுவதில் செலவிட்டிருந்தால் பல வழக்குகள் எழுந்தே இருக்காது.

இரு தரப்பையும் கட்டும் பொது ஒப்பந்தம் இல்லாத நிலையில், தனித்தனி ஒப்பந்தங்களே இப்போது நீதிமன்றம் ஏறுகின்றன. 2025 ஜூனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மயாமி பல்கலைக்கழகத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. தன்னோடு வருமானப் பங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தற்காப்பு ஆட்டக்காரரை மயாமி இழுத்துக்கொண்டது என்பது புகார். அந்த ஒப்பந்தத்தைக் காட்டி விஸ்கான்சின் அவர் பெயரைப் போர்ட்டலில் பதிய மறுத்தது. அவர் படிப்பிலிருந்து விலகி, சாதாரண மாணவரைப் போல மயாமியில் சேர்ந்து ஆடத் தொடங்கினார். அவரை ஊழியர் என்று ஒப்புக்கொள்ளாத பல்கலைக்கழகம், ஓர் ஊழியரைப் பறிகொடுத்த முதலாளி கேட்கும் பரிகாரத்தை அந்த மனுவில் கேட்கிறது.